சிவப்பு வயிற்று ஃபோர்டு: ஒரு 8என் டிராக்டரை வாங்கிய கதையும் கணக்கும்

அமெரிக்காவில் நாலைந்து ஏக்கர் நிலத்தோடு வீடு வாங்குகிறவருக்கு முதல் கோடையிலேயே ஒரு டிராக்டர் தேவைப்பட்டுவிடும். புல் இடுப்பளவு வளரும், மழையில் சரளைப் பாதை அரித்துப் போகும், விழுந்த மரத்தை இழுத்துப் போட ஆள் கிடைக்காது. புதுச் சிறு டிராக்டரின் விலையைக் கேட்டுவிட்டுப் பழையதைத் தேட ஆரம்பித்தால், முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் ஃபோர்டு 8என் தான். மேலே வெளிர் சாம்பல், அடியில் சிவப்பு. மிச்சிகன் மாநிலத்தில் 1947 முதல் 1952 வரை தயாராகி, 5 லட்சத்துக்கும் மேல் வெளிவந்த மாடல். ஓடுகிற நிலையில் சில ஆயிரம் டாலருக்கு இன்றும் கிடைக்கிறது.

ஒஹாயோவில் இருக்கும் நண்பர் ஒருவர் இப்படித்தான் ஒரு 8என் வாங்க முடிவு செய்து என்னையும் உடன் அழைத்துப் போனார். எதைப் பார்த்தோம், எதை வேண்டாம் என்று விட்டோம், வாங்கிய பிறகு என்னென்ன செய்ய வேண்டியிருந்தது என்பதை இங்கே எழுதுகிறேன். பழைய டிராக்டர் விஷயத்தில் எனக்கு ஒரு உறுதியான கருத்து உண்டு: அந்த மாடல் எப்படிப் பிறந்தது என்று தெரிந்தவருக்குத்தான் எந்த பிளக்கைத் திறந்து பார்ப்பது என்று தெரியும். அதனால் வரலாற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

கைகுலுக்கலும் வழக்கும்

வட அயர்லாந்துக்காரரான ஹாரி ஃபெர்குசனுக்கு முன், டிராக்டர் கலப்பையை வெறுமனே பின்னால் கட்டித்தான் இழுத்தது. கலப்பை பாறையிலோ வேரிலோ மாட்டினால் டிராக்டரின் முன்பக்கம் எழும்பும். சில நொடிகளில் பின்பக்கமாகப் புரண்டு ஓட்டுநர் மேலேயே விழும். எத்தனையோ விவசாயிகள் இப்படி இறந்தார்கள். ஃபெர்குசன் கலப்பையை மூன்று புள்ளிகளில் டிராக்டரோடு சேர்த்தார். கீழே இரண்டு லிங்க், மேலே ஒரு டாப் லிங்க். கலப்பை ஆழமாக இறங்கி மண் இறுக்கும்போது டாப் லிங்க் முன்னோக்கி அழுத்துகிறது. அந்த அழுத்தம் ஒரு ஸ்பிரிங் வழியாக ஹைட்ராலிக் வால்வை அசைக்கிறது, வால்வு கலப்பையைச் சற்றே தூக்குகிறது. தூக்கிய எடை பின்சக்கரங்களின் மேல் இறங்குவதால் பிடிப்பு கூடுகிறது. ஒரு டன்னைச் சற்றே தாண்டும் எடையுள்ள சிறு டிராக்டர், அதைவிடக் கனமான டிராக்டர்களின் வேலையைச் செய்ததற்குக் காரணம் இதுதான். நம் ஊர் டிராக்டர்களில் 'டிராஃப்ட்' லிவர் என்று இருப்பதும் இதே தத்துவம்தான்.

1938 அக்டோபரில் டியர்பர்னில் உள்ள ஹென்றி ஃபோர்டின் வீட்டில் ஃபெர்குசன் தன் டிராக்டரை ஓட்டிக் காட்டினார். ஃபோர்டு தயாரிப்பது, ஃபெர்குசன் விற்பது என்று இருவரும் கைகுலுக்கினார்கள். காகிதத்தில் ஒன்றும் எழுதவில்லை. அடுத்த ஆண்டு ஜூனில் 9என் வந்தது, விலை 585 டாலர். நாலு சிலிண்டர், பக்க வால்வு, 120 கன அங்குல பெட்ரோல் எஞ்சின். பிஸ்டன் அளவு மெர்க்குரி காரின் வி8 எஞ்சினுடையது, அதனால் ஃபோர்டு புதிதாக அச்சு செய்ய வேண்டியிருக்கவில்லை. 1942-ல் போர்க்காலத்துக்காக 2என் என்று பெயர் மாறியது. ரப்பரும் பேட்டரியும் தட்டுப்பாடு என்பதால் அவற்றில் சில இரும்புச் சக்கரத்தோடும், பேட்டரி இல்லாமலே பொறி தரும் மேக்னெட்டோவோடும் வெளிவந்தன.

போருக்குப் பின் கம்பெனி பேரன் இரண்டாம் ஹென்றி ஃபோர்டின் கைக்கு வந்தது. டிராக்டரில் நஷ்டம் என்று கணக்குப் பார்த்து 1946-ல் ஒப்பந்தத்தை முறிப்பதாக அறிவித்தார். 1947-ல் ஃபெர்குசன் பெயர் இல்லாமல், ஆனால் கலப்பையைத் தூக்கி இறக்கும் ஃபெர்குசனின் ஹைட்ராலிக் லிஃப்ட்டோடு 8என் வந்தது. 1948 ஜனவரியில் ஃபெர்குசன் 25 கோடியே 10 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். 1952 ஏப்ரலில் 92 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குச் சமரசம் ஆனது. குறிப்பிட்ட சில ஹைட்ராலிக் அமைப்புகளை அந்த ஆண்டு முடிவோடு கைவிடவும் ஃபோர்டு ஒப்புக்கொண்டது. 8என்-இன் ஆயுள் அங்கே முடிந்தது.

ஃபெர்குசன் இதற்கிடையில் 1946 முதலே இங்கிலாந்தின் கவன்ட்ரியில் டிஇ20 டிராக்டரைத் தயாரித்து வந்தார். 1953-ல் மேஸி-ஹாரிஸோடு இணைந்தார், 1958-ல் பெயர் மேஸி ஃபெர்குசன் ஆனது. அந்த நிறுவனத்தின் கூட்டுறவில்தான் சென்னையில் டாஃபே டிராக்டர் கம்பெனி பிறந்தது. நம் ஊர் வயல்களில் ஓடிய மேஸி 1035-இன் பூர்வீகம் கவன்ட்ரியில் தயாரான 35 என்ற மாடல். ஆக ஒஹாயோவின் 8என்-உம் தஞ்சாவூரின் மேஸியும் பங்காளிகள்தான்.

முதலில் பார்த்தது

விளம்பரத்தில் "8என், நல்ல கண்டிஷன்" என்று இருந்தது. போனோம். பெயின்ட் பளபளத்தது, சிவப்பு வயிறு அச்சாக இருந்தது. எஞ்சின் ப்ளாக்கின் இடது பக்கம் முன்னும் பின்னும் நட்சத்திரக் குறியோடு சீரியல் நம்பர், 8என் என்றே தொடங்கியது. விற்கிறவர் அதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார்.

ஆனால் ஏறி உட்கார்ந்தால் கால் வைக்க மிதிபலகை இல்லை. பிரேக் பெடல்கள் ஒன்று வலது பக்கம், மற்றொன்று இடது பக்கம் கிளட்ச் அருகில். முன்னோக்கி மூன்றே கியர். 8என்-இல் இரண்டு பிரேக்கும் வலது பக்கம் இருக்கும், கியர் நான்கு, மிதிபலகை உண்டு. நின்றது ஒரு 2என் அல்லது 9என், 8என் எஞ்சினைப் பொருத்தியது. இதில் ஏமாற்று இருந்தே ஆக வேண்டும் என்று இல்லை. சீரியல் நம்பர் எஞ்சினில் மட்டுமே அடிக்கப்பட்டிருப்பதாலும், மூன்று மாடல்களின் எஞ்சினும் ஒன்றுக்கொன்று பொருந்துவதாலும், எழுபது ஆண்டுகளில் எத்தனையோ டிராக்டர்கள் இப்படி மாறிவிட்டன. அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம்.

2என் ஓடாத வண்டி ஒன்றுமில்லை. எங்களுக்கு அது ஏன் ஆகவில்லை என்றால், நண்பரின் முக்கிய வேலை பின் பிளேடு போட்டுச் சரளைப் பாதையைச் சமன் செய்வது. அதற்கு பிளேடு ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். 9என், 2என் இரண்டிலும் டிராஃப்ட் மட்டும்தான். மண் இறுக்கத்துக்கு ஏற்ப லிஃப்ட் தானாக ஏறி இறங்கும், பாதை அலை அலையாகிவிடும். வைத்த உயரத்தில் நிறுத்தும் பொசிஷன் கண்ட்ரோல் 8என்-இல்தான் வந்தது. சீட்டுக்கு அடியில் வலது பக்கம் ஒரு சின்ன லிவராக அது இருக்கும். அந்த லிவருக்காகவே 8என் தேடிய எங்களுக்கு, அது இல்லாத வண்டிக்கு 8என் விலை கொடுக்க மனமில்லை. நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

இரண்டாவது

இது களஞ்சியத்துக்கு வெளியே நின்றது. பெயின்ட் மங்கி, மட்கார்டில் ஃபோர்டு என்ற புடைப்பெழுத்து மட்டும் தெரிந்தது. பிரேக், கியர், மிதிபலகை எல்லாம் 8என்-உக்கு உரியவை. சீரியல் நம்பர் 1951-ஐச் சேர்ந்தது. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் பக்கவாட்டில் இருந்ததும் அதற்குப் பொருந்தியது. 1950 வரை அது முன்னால், ஃபேனுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அதற்குள் மின்சாரத்தை விட்டு விட்டு இணைக்கும் பாயிண்ட்டின் இடைவெளியைச் சரியாக வைக்க இரண்டு போல்ட்டைக் கழற்றி முழுசாகக் கையில் எடுத்தாக வேண்டும். பக்கவாட்டு மாடலில் நின்றபடியே வேலை முடிந்துவிடும். முன்னால் இருப்பதற்கு 0.015 அங்குலம், பக்கவாட்டில் இருப்பதற்கு 0.025 அங்குலம். இந்த இரண்டையும் மாற்றி வைத்துவிட்டுக் கார்புரேட்டரைக் குறை சொல்கிறவர்கள் நிறைய.

நாங்கள் வரும் முன்பே எஞ்சினை ஓட்டிச் சூடாக்க வேண்டாம் என்று போனிலேயே கேட்டுக்கொண்டிருந்தோம். போனதும் ஹெட்டில் கை வைத்துப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. ஸ்டார்ட் செய்யும் முன் விற்பவரின் அனுமதியோடு அடியில் படுத்து டிரெயின் பிளக்கைச் சற்றே தளர்த்தினேன். இந்த வண்டியில் கியர் பாக்ஸ், ஹைட்ராலிக், பின் ஆக்சில் மூன்றுக்கும் ஒரே ஆயில், ஐந்து கேலன், அதாவது சுமார் 19 லிட்டர். அடியில் மூன்று பிளக்குகள். ஆயிலை விடத் தண்ணீர் கனம் என்பதால் இரவு முழுக்க நின்ற வண்டியில் தண்ணீர் அடியில் தங்கியிருக்கும். மரை இளகியதும் முதலில் தெளிந்த தண்ணீர் சொட்டு சொட்டாக வந்தது. பிறகு இழை இழையாகக் கலங்கல், அதற்கும் பின்னால்தான் ஆயில் வந்தது. மேலே எழுந்து பார்த்தால் காரணம் கண் முன்னால் இருந்தது: கியர் ராடின் ரப்பர் உறை வெடித்து வாய் திறந்திருந்தது. ஆண்டுக்கணக்கில் மழை நேராக உள்ளே போயிருக்கிறது.

நம் ஊரில் இது துருவோடு போய்விடும். ஒஹாயோ குளிரில் அந்தத் தண்ணீர் உறைந்து விரியும், ஹைட்ராலிக் பம்பு உடையும். அதனால் அடுத்த சோதனை லிஃப்ட். 8என்-இல் பம்பு பி.டி.ஓ. தண்டோடு (புல்வெட்டி போன்ற கருவிகளுக்கு எஞ்சின் சக்தியைப் பின்பக்கம் கொண்டுபோகும் தண்டு) ஓடுகிறது, பி.டி.ஓ. லிவரைப் போட்டால்தான் லிஃப்ட் வேலை செய்யும். இது தெரியாமல் "லிஃப்ட் செத்துப்போச்சு" என்று விலையைக் குறைத்து விற்றவர்களும் உண்டு. வண்டியை ஸ்டார்ட் செய்து, பி.டி.ஓ. போட்டு, அவரிடம் இருந்த பிளேடைத் தூக்கி, எஞ்சினை அணைத்தோம். பிளேடு மெதுவாக இறங்கியது, சில நிமிடங்கள் பிடித்தது. பம்பு நன்றாக இருக்கிறது, சிலிண்டர் சீல் மட்டும் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். தூக்கவே முடியாமல் இருந்திருந்தால் அங்கேயே விட்டிருப்போம்.

ரேடியேட்டரில் ஆயில் படலம் இல்லை. ஆரம்பத்தில் கொஞ்சம் புகை, சூடானதும் நின்றது. சூடான பிறகு ஐடிலில் ஆயில் பிரஷர் முள் கீழே இறங்கியது, இந்த எஞ்சின்களில் அது வழக்கம்தான், த்ராட்டில் கொடுத்ததும் ஏறியது. பின்சக்கர ரிம்மில் துரு. டயருக்குள் எடைக்காக ஊற்றும் கால்சியம் குளோரைடு கரைசல் வால்வு ஓரமாகக் கசிந்தால் ரிம்மைத் தின்றுவிடும். இதில் தின்ன ஆரம்பித்திருந்தது, ஓட்டை விழவில்லை.

என்னை உண்மையிலேயே கவலைப்பட வைத்தது வேறொன்று. இந்த வண்டி 6 வோல்ட், அதுவும் பாசிட்டிவ் எர்த். யாரோ 12 வோல்ட்டுக்கு மாற்றியிருந்தார்கள். மாற்றுவதில் தவறில்லை. ஆனால் செல்ஃப் பட்டனைக் கொண்டுபோய் டாஷ்போர்டில் வைத்திருந்தார்கள். ஃபோர்டு அந்தப் பட்டனை கியர் ராடின் அடியில் வைத்தது, நியூட்ரலில் இருந்தால் மட்டுமே அது அமுங்கும். கியரில் கிடக்கும் வண்டியைக் கீழே நின்றபடி ஸ்டார்ட் செய்து, பின்சக்கரம் மேலே ஏறி இறந்தவர்கள் பழைய டிராக்டர் உலகில் ஏராளம். 1939-லேயே ஒரு பொறியாளர் யோசித்துத் தடுத்து வைத்த மரணத்தை, ஒரு வயரை இழுத்துத் திரும்பக் கொண்டுவருவது எனக்குத் தாங்க முடியாத விஷயம். வாங்கினால் முதல் வேலை அதுதான் என்று நண்பரிடம் அங்கேயே சொல்லிவிட்டேன்.

ஆயிலில் தண்ணீர், சீல், ரிம் மூன்றையும் சொல்லி விலை பேசினோம். விற்பவர் நியாயமாகக் குறைத்தார். காகித விஷயம் எளிது: அங்கே பெரும்பாலான மாநிலங்களில் பண்ணை டிராக்டருக்கு நம் ஆர்.சி. புக் போன்ற உரிமைப் பத்திரம் கிடையாது, கையெழுத்திட்ட விற்பனை ரசீதுதான். அதனாலேயே சீரியல் நம்பரையும் விற்பவரின் விவரத்தையும் ரசீதில் எழுதி வாங்குவது அவசியம். நம் ஊரில் பழைய மேஸியை ஆசைக்கு வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த, 50 ஆண்டு தாண்டிய வாகனங்களுக்கான விண்டேஜ் பதிவு, இரு சக்கர வாகனங்களுக்கும் கார்களுக்கும்தான். டிராக்டர் அதில் வராது.

வாங்கிய பின்

செல்ஃப் பட்டன் பழைய இடத்துக்குப் போனது. மூன்று பிளக்கையும் திறந்து, டீசல் ஊற்றி அலசி, புது ஆயில் நிரப்பி, கியர் ராடுக்குப் புது உறை போட்டோம். லிஃப்ட் மேல்மூடியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், நல்ல கனம். உள்ளே பிஸ்டன் சீலை மாற்றியதும் பிளேடு வைத்த இடத்தில் நின்றது. இதற்கான அத்தனை சாமானும் சாதாரணமாகக் கடையில் கிடைத்தது என்பதுதான் இந்த மாடலின் பெரிய பலம். கேஸ்கெட், பாயிண்ட், காயில், கார்புரேட்டர் கிட், மட்கார்டு வரை புதிதாகச் செய்து விற்கிறார்கள், 5 லட்சம் வண்டிகளுக்கு ஒரு சந்தை இருப்பதால். அபூர்வமான டிராக்டரைத் தேடி வாங்குவோரை நான் மதிக்கிறேன். கான்சாஸின் ஃபங்க் கம்பெனி கிட் போட்டு ஆறு சிலிண்டரோ வி8-ஓ ஏற்றிய 8என்-களைச் சேகரிப்பாளர்கள் போட்டி போட்டு வாங்குகிறார்கள். ஆனால் வாரக் கடைசியில் புல் வெட்டப் போகிற ஒருவர், நூற்றுக்கு நூறு உதிரிபாகம் கிடைக்கும் மாடலைத்தான் வாங்க வேண்டும்.

புல்வெட்டியை மாட்டும் முன் இன்னொன்று செய்தாக வேண்டும். 8என்-இன் பி.டி.ஓ. கியர் பாக்ஸ் வழியாக ஓடுகிறது. கிளட்சை மிதித்தால் எஞ்சின் பிரிந்துவிடும், ஆனால் வேகமாகச் சுழலும் கனமான புல்வெட்டி நிற்காது. அது பி.டி.ஓ. தண்டு வழியாகத் திரும்பிச் சக்கரங்களைச் சுழற்றும். கிளட்சை அடிவரை மிதித்திருந்தும் வண்டி வேலியை நோக்கி முன்னேறும். இதைத் தடுக்க ஓவர்ரன்னிங் கப்ளர் என்றொரு சாமான் உண்டு. ஒரு திசையில் மட்டும் பிடிக்கும், மறு திசையில் வழுக்கிவிடும். 8என்-இன் தண்டு 1⅛ அங்குலம், பிற்காலத் தரம் 1⅜ அங்குலம், கப்ளர் இந்த அளவு வித்தியாசத்தையும் சேர்த்தே சரி செய்துவிடும். அது இல்லாமல் ஒரு நாள்கூட புல் வெட்டக் கூடாது.

அப்புறம் புரளும் ஆபத்து. மூன்று புள்ளி இணைப்பு பின்பக்கப் புரளலைக் குறைத்தது உண்மைதான், ஆனால் விழுந்த மரத்தைச் சங்கிலி கட்டி இழுக்கும்போது அந்தப் பாதுகாப்பு கிடையாது. சங்கிலியை டாப் லிங்க் முனையிலோ சீட்டுக்கு அருகிலோ மாட்டினால் முன்சக்கரம் எழும்பிவிடும், சுதாரிக்க நேரம் இருக்காது. எப்போதும் பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைக் கம்பியான டிராபாரில்தான் மாட்ட வேண்டும். 8என் வந்த காலத்தில் ஓட்டுநர் தலைக்கு மேல் பாதுகாப்புச் சட்டகம் என்ற ஒன்றே கிடையாது. அமெரிக்காவில் புது டிராக்டர்களில் அதைத் தயாரிப்பாளர்கள் வழக்கமாக்கியது 1985 வாக்கில்தான். பின்னால் பொருத்திக்கொள்ளும் சட்டகமும், அதோடு சீட் பெல்ட்டும் வாங்குவதை நான் வற்புறுத்தினேன். வண்டி விலையில் கணிசமான பங்கு அதற்கே போகும். போகட்டும். நண்பருக்குச் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள்.

பெயின்ட் அடிக்கவில்லை. காசு மிச்சம் என்பதற்காக மட்டும் இல்லை. இந்த வண்டியில் பழைய சாம்பல் பூச்சு பாதிக்கு மேல் இருக்கிறது, அதை உரித்துவிட்டால் திரும்ப வராது.

யாருக்கு 8என் ஆகாது என்றும் சொல்லிவிட வேண்டும். ரோட்டவேட்டர் ஓட்ட நினைப்பவருக்கு முதல் கியரே அதிக வேகம், போதாக்குறைக்கு கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் பி.டி.ஓ.வும் லிஃப்ட்டும் நின்றுவிடும். முன்னால் லோடர் மாட்டி மண் அள்ளுகிறவருக்கு முன் ஆக்சிலும் ஸ்டீயரிங்கும் தாங்காது. ஷெர்மன் துணை கியர் பாக்ஸ் வைத்த வண்டி கிடைத்தால் வேகப் பிரச்சினை ஓரளவு தீரும், கிளட்ச் பிரச்சினை தீராது. லிஃப்ட் நிற்காமல் வேலை செய்ய வேண்டும் என்றால், வழக்குச் சமரசத்துக்குப் பின் பம்பை எஞ்சினோடு இணைத்து 1953-ல் ஃபோர்டு கொண்டுவந்த என்ஏஏ மாடலைப் பார்க்கலாம். பி.டி.ஓ.வும் நிற்காமல் ஓட வேண்டும் என்பவர், இரட்டைக் கிளட்ச் வைத்த மேஸி 35 ஒன்றைத் தேடுவது நல்லது.